முதுமையின்மேற் சுமத்தப்பட்ட பழி

ஐம்பது வயதைக் கடந்து, இரண்டு மூன்று பிள்ளைகளையும் பெற்றெடுத்த ஒரு பெண்ணுக்கு, இருமும்போதும் தும்மும்போதும் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போதும் அவளை அறியாமற் சலம் கசியுமாயின், அது வயதின் இயல்பென்றும், பிள்ளை பெற்ற தேகத்துக்கு விதிக்கப்பட்ட பங்கென்றும், அதற்குப் பரிகாரம் தேடுவது வீண் முயற்சியென்றும் சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வழக்கம். யாழ்ப்பாணத்து உடுவிலிலும் இணுவிலிலும் சுன்னாகத்திலும் இதைச் சொல்பவர்கள் கல்வியறிவு குறைந்தோர் மாத்திரமல்லர். மருத்துவம் கற்றோரிற் பலரும், பிறசர் கிளினிக்கில் வரிசையாக வந்து நிற்கும் நோயாளரைப் பார்த்து அனுப்பும் அவசரத்தில், இதே தீர்ப்பை வேறு சொற்களில் வழங்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு பிழையானது, பெண்களில் ஒரு சாராருக்குப் பெருந்தீங்கு விளைப்பது. இரத்தக் குழாய்களை விரியச் செய்து பிறசரைத் தணிக்கும் பிரசோசின் என்னும் குளிசையையும், அதன் இனத்தவையான டொக்சசோசின், டெரசோசின் என்பவற்றையும் உட்கொள்ளும் பெண்களிற் கணிசமானோருக்குச் சலம் கசிவதன் காரணம் அக்குளிசையே என்பதும், குளிசையை மாற்றினால் அவர்களிற் பெரும்பாலோருக்குக் கசிவு நீங்குகின்றது அல்லது குறைகின்றது என்பதும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அறிந்ததை நோயாளிக்குச் சொல்லாது, வாய்பேசாத வயதின்மேற் பழியைப் போட்டுவிடுவது எவ்வாறு நியாயமாகும்?

முதலில் மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பைசர் நிறுவனத்தார் உருவாக்கிய பிரசோசின், அமெரிக்காவில் 1976 ஆம் ஆண்டில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசையை அது நேராகவே தளர்த்துகின்றது என்றுதான் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் எண்ணினர். பின்னரே அதன் உண்மையான தொழில் தெளிவாயிற்று. பரிவு நரம்புகளின் முனைகளிலிருந்து வெளிப்படும் நோரட்ரினலின் என்னும் இரசாயனம், குழாய்ச் சுவரின் மழமழப்பான தசையிலுள்ள அல்பா ஏற்பிகளைப் பற்றி அத்தசையை இறுகச் செய்கின்றது. பிரசோசின் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே போய் அடைத்துக்கொள்கின்றது. கட்டளை வந்து சேராமையாற் றசை தளர்கின்றது, குழாய் விரிகின்றது, அமுக்கம் தணிகின்றது. இவ்வளவும் சரி. ஆனால் அல்பா ஏற்பிகள் இரத்தக் குழாய்களுக்கு மாத்திரம் உரிய தனிச்சொத்து அல்லவே! சலப்பையின் கழுத்திலும் சலவழியின் சுவரிலும் அமைந்த மழமழப்பான தசையிலும் அதே ஏற்பிகள் செறிந்திருக்கின்றன. நாம் நினைவு கொள்ளாத வேளையிலும், உறங்கும் வேளையிலுங்கூட, பரிவு நரம்புகள் அவ்வழியை இறுக்கி மூடிவைத்திருப்பது அவற்றின் வாயிலாகவே. உடல் முழுவதும் பரவும் ஒரு குளிசை, கையிலும் காலிலுமுள்ள குழாய்களைத் தளர்த்திவிட்டுச் சலவழியை மாத்திரம் தொடாமல் விலகிப் போகும் என்று எதிர்பார்ப்பதற்கு யாதொரு ஆதாரமுமில்லை.

இவ்விடத்தில் ஆணுடலுக்கும் பெண்ணுடலுக்குமுள்ள வேறுபாடு முக்கியமானது. ஆணின் சலவழி ஏறக்குறைய இருபது சென்டிமீற்றர் நீளமுடையது. அதன் தொடக்கத்தைப் புரஸ்தசுரப்பி சூழ்ந்து நிற்கின்றது. பெண்ணின் சலவழியோ ஏறக்குறைய நான்கு சென்டிமீற்றரே. அந்தக் குறுகிய வழியை மூடிவைப்பதற்கு மழமழப்பான தசையின் இறுக்கமும், அதனைச் சூழ்ந்த இறுக்கித் தசையின் வலிமையும், உட்போர்வையின் கீழுள்ள இரத்தக் குழாய்ப் படலத்தின் மென்மையான அழுத்தமும், இடுப்படித் தசைகளின் தாங்குதலும் ஒன்றுசேர்ந்து உழைக்கின்றன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் ஏனையவை ஓரளவுக்கு ஈடுசெய்யும். இரண்டு தளர்ந்தால் இருமல் ஒன்றே போதும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். மருந்து பரவலாக வழங்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1978 இல், ஒல்லாந்து நாட்டு நைமேகன் நகரத்து மருத்துவர் தியென் என்பவரும் அவருடைய சகாக்களும், பிரசோசினாற் சலக் கட்டுப்பாடு இழந்த நோயாளரைப் பற்றி பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அறிவித்தனர். 1992 இல் அவுஸ்திரேலியாவின் டுவையர், டீல் என்னும் இருவர், பெண்களின் சலக் கசிவுக்கு இம்மருந்து ஒரு புறக்கணிக்கப்பட்ட காரணம் என்று தம் கட்டுரையின் தலைப்பிலேயே குறித்தனர். முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையிற் பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. அத்தனை காலமும் அச்செய்தி சஞ்சிகைப் பக்கங்களில் இருந்ததேயன்றி, மருந்தை விழுங்கிய பெண்களின் காதுக்கு எட்டவில்லை என்பதற்கு அத்தலைப்பே சாட்சி.

ஆயினும் வயதையே குற்றவாளியாக்கும் வாதத்தை வேரோடு பெயர்ப்பது 1996 இல் பேமிங்காமிலிருந்து மார்ஷல், பீவர்ஸ் என்போர் வெளியிட்ட ஆராய்ச்சிதான். அல்பா ஏற்பிகளை அடைக்கும் மருந்தைப் பிறசருக்காக உட்கொண்ட 49 பெண்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வேறு மருந்துகளை உட்கொண்ட, வயதில் இவர்களுக்கு நிகரான பிறசர்ப் பெண்களை இவர்களுக்கு எதிரே நிறுத்தினர். முதற் குழுவினரில் நூற்றுக்கு 40.8 பங்கினருக்குச் சலக் கசிவு இருந்தது. மற்றைய குழுவினரில் அது 16.3 பங்கினருக்கே இருந்தது. வயது இரு குழுவினருக்கும் பொது. பால் பொது. பிறசர் நோயும் பொது. பொதுவானவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சி நிற்கும் வேறுபாடு குளிசை ஒன்றே. வயதுதான் காரணமாயின் ஒரே வயதினரான இரு குழுவினரும் ஒரே அளவிலன்றோ துன்புற்றிருக்க வேண்டும்? இதனோடும் அவர்கள் நிற்கவில்லை. கசிவுற்றவர்களுள் 18 பேருக்கு அம்மருந்தை நிறுத்திப் பார்த்தனர். 13 பேருக்குக் கசிவு நின்றது, அல்லது குறைந்தது. கழிந்த வயதைத் திருப்பிக் கொடுக்க எந்த மருத்துவராலும் இயலாது; குளிசையைத் திருப்பி எடுக்க இயன்றது, நோயும் உடன் சென்றது.

ஆராய்ச்சி சிறியது, நாற்பத்தொன்பது பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுக்கலாமா என்று கேட்பார் உளர். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் இச்சிறிய ஆராய்ச்சிகளுக்குத் துணையாக மிகப் பெரிய சாட்சியமொன்று நம் கண்ணெதிரே நிற்கின்றது. புரஸ்தசுரப்பி பருத்துச் சலம் கழிக்க முடியாமல் அவதிப்படும் ஆண்களுக்கு எம்மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள்? 1970களில் யெருசலேமைச் சேர்ந்த மார்க்கோ கெயின் என்னும் சத்திரவைத்தியர், அல்பா ஏற்பிகளை அடைக்கும் மருந்து அடைபட்ட சலவழியைத் தளர்த்தும் என்று காட்டினார். அவ்வழியே பிரசோசினும், டெரசோசினும், டொக்சசோசினும், பின்னர் டம்சுலோசினும் முதியவர்களின் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தன. இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒவ்வொரு ஊரிலும் இவ்வினத்து மருந்தினால் இரவில் நிம்மதியாக உறங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சலவழி தளர்ந்ததை மருந்தின் வெற்றியென்று மருத்துவர் கொப்பியில் எழுதுகிறார். அம்முதியவர்களுள் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் அவருடைய மனைவி, அதே இனத்துக் குளிசையைப் பிறசருக்காக விழுங்கி, அதே தொழிலினாற் சலவழி தளர்ந்து, அதனால் உடுபுடவை நனைந்து வந்து சொன்னால், அதற்கு மாத்திரம் வயதென்று பெயர் சூட்டுவதா? கணவனுடைய உடலில் ஒப்புக்கொண்ட உண்மையை மனைவியுடைய உடலில் மறுப்பதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. இதைவிட வலிய வாதம் எனக்குத் தெரியாது. இதற்கு விடை கூறியவரையும் நான் கண்டதில்லை.

இனிப் பிள்ளைப்பேற்றைக் காரணங் காட்டுவோருக்கு ஒரு சொல். பிரசவத்தினால் இடுப்படித் தசைகள் நைந்துபோவதும், மாதவிடாய் நின்றபின் சலவழியின் போர்வை மெலிவதும் உண்மை. பேமிங்காம் ஆராய்ச்சியில் வேறு மருந்தெடுத்தவர்களிலும் நூற்றுக்குப் பதினாறு பங்கினர் கசிவுற்றிருந்தனர் என்பதையும், மருந்தை நிறுத்தியும் பயன் காணாதோர் சிலர் இருந்தனர் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த உண்மை என் கட்சியையே பலப்படுத்துகின்றது. பிரசவத்தால் நலிந்த தேகம், எஞ்சியுள்ள தசையின் இறுக்கத்தைக் கொண்டு ஆண்டுக்கணக்காகச் சமாளித்து வருகின்றது. அந்நிலையில் எஞ்சிய அந்த இறுக்கத்தையும் தளர்த்தும் குளிசையைக் கொடுத்துவிட்டுப் பிரசவத்தைக் குற்றஞ் சொல்வது, கறையான் அரித்த வேலியைத் தாங்கி நின்ற ஒற்றைக் கதியாலைப் பிடுங்கியவர் வேலி சரிந்ததற்குக் கறையானைக் குற்றஞ் சொல்வதை ஒக்கும். அன்றியும் பிரசவத்தால் வந்த கசிவுதானும் தீராத வினையன்று. இடுப்படித் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கேகல் 1948 இலேயே விளக்கி எழுதியிருக்கிறார். முறையாகக் கற்றுக்கொடுப்பாரிருந்தால் காசு செலவில்லாத அப்பயிற்சியாற் சுகம் பெறுவோர் அநேகர்.

பிறசர் உயிரை வாங்கும் நோய், சலக் கசிவு வெறும் அசௌகரியம், பெரிதுக்காகச் சிறிதைப் பொறுக்க வேண்டும் என்பது மற்றொரு வாதம். இரண்டிலொன்றைத்தான் தெரியலாம் என்ற நிலை இருந்தாலன்றோ இவ்வாதம் நிற்கும்? பிறசரைத் தணிக்க வேறு மருந்தினங்கள் பல உள. மேலும், அல்பா ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் முதலிடத்துக்கு உரியவை என்பதே கேள்விக்குரியதாகி வெகு காலமாயிற்று. அமெரிக்காவில் நடைபெற்ற ஓல்ஹற் என்னும் பேராராய்ச்சியில், டொக்சசோசின் எடுத்தவர்களுக்குக் குளோர்தலிடோன் எடுத்தவர்களைக் காட்டிலும் இருதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக ஏற்பட்டமையால், அப்பகுதியை 2000 ஆம் ஆண்டிலேயே இடைநடுவில் நிறுத்திவிட்டனர். 2015 இல் வெளியான பாத்வே ஆராய்ச்சியில், மூன்று மருந்துக்கும் அடங்காத பிறசருக்கு நான்காவதாகச் சேர்ப்பதற்கு டொக்சசோசினைவிட ஸ்பைரனோலக்டோன் சிறந்ததெனக் கண்டனர். முதியோருக்குத் தகாத மருந்துகளை வகுத்துரைக்கும் பீயர்ஸ் பட்டியலோ, சலக் கசிவுள்ள முதிய பெண்களுக்கு இவ்வின மருந்துகளைத் தவிர்க்குமாறு வெளிப்படையாகவே கூறுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு மருந்துத் தெரிவு சுருங்கிவிடும் என்பதும், அவர்களுக்குப் பிரசோசின் உற்ற துணையாகும் என்பதும் மெய்யே. அந்த நோயாளிக்கும், இதனால் இது நேரலாம், வேறு வழியின்மையால் இதைத் தருகிறேன் என்று சொல்வதற்குத் தடை யாது?

சொன்னால் பெண்கள் பயந்து குளிசையை நிறுத்திவிடுவார்கள் என்பதே தடையென்பர். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாயினும், இவ்வாதந்தான் எனக்கு மிகுந்த கவலை தருகின்றது. ஏனெனில் குளிசையை நிறுத்தச் செய்வது மௌனமே. காரணம் சொல்லப்படாத பெண்ணும் முற்றும் அறியாதவளல்லள். புதுக் குளிசை தொடங்கிய பின்தான் இப்படி ஆயிற்றென்று தானாகவே ஊகித்து, ஒருவருக்கும் சொல்லாமல், நல்லூர்த் தேருக்குப் போகும் நாளிலோ, கலியாண வீட்டுக்குப் பஸ் ஏறும் நாளிலோ, கந்தசஷ்டி விரத நாட்களிலோ அதைத் தவிர்த்துவிடுகிறாள். விரதம் முடிந்தபின் பாரணை செய்து, பழைய அளவிலேயே மீண்டும் விழுங்குகிறாள். பிரசோசினை முதன்முறையாக எடுக்கும்போது பிறசர் திடீரென்று வீழ்ந்து மயக்கம் வரக்கூடும் என்பதனாற்றான் மிகச் சிறிய அளவில், படுக்கைக்குப் போகும் வேளையில் தொடங்க வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். சில நாட்கள் விட்டுத் திரும்ப எடுக்கும்போதும் அதே ஆபத்து உண்டு. விரதத்தால் நீர் வற்றிய உடலில், சலம் கழியச் செய்யும் வேறு குளிசையும் சேர்ந்திருந்தால், அபாயம் இன்னும் அதிகம். அதிகாலையில் எழுந்து கிணற்றடிக்குப் போகும் வழியில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவளுக்கு அந்த மௌனம் செய்த நன்மை என்ன?

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையுமென்று எண்ணி, இவ்வறண்ட பூமியின் வெயிலில் நாளுக்கு இரண்டு மூன்று குவளைக்கு மேல் பருகாத பெண்களும் இருக்கிறார்கள். சலம் செறிந்து சலப்பையை உறுத்துகின்றது. மலச்சிக்கல் வந்து கசிவை மேலும் பெருக்குகின்றது. தொற்றும் எளிதிற் பற்றுகின்றது. இதை அசௌகரியம் என்று ஒரு சொல்லில் அடக்கியவர்கள், ஆசாரம் நிறைந்த சைவக் குடும்பமொன்றில் வாழும் பெண்ணின் மனத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். சுத்தமில்லையென்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டு, இணுவிற் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதியோடு நின்று கும்பிட்டுத் திரும்புகிறவளுக்கு, அடுக்களைச் சுவாமியறைக்குள்ளும் கால்வைக்கக் கூசுகிறவளுக்கு, அது வாழ்வின் பாதியை இழந்த துன்பம்.

நம் மண்ணில் பிரசோசின் உயிர்காக்கும் மருந்தாயிற்றே, அதன்மேற் குற்றம் சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கருதியது செந்தேளை. இந்தியாவின் கொடிய செந்தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வதையும், அதன் கொட்டு இருதயத்தைத் தாக்குவதையும் பேராதனையையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். அந்நஞ்சு பரிவு நரம்புகளைக் கட்டுக்கடங்காமற் றூண்டிவிடுவதால் குழாய்கள் இறுகி, இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து மரணம் நேர்கின்றது. மகாராஷ்டிரத்து மகாட் என்னும் சிற்றூரில் இத்தகைய நோயாளர் ஒருவர்பின் ஒருவராக இறப்பதைக் கண்டு மனம் வெதும்பிய ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்னும் மருத்துவர், இக்கொந்தளிப்பை அடக்கப் பிரசோசினைக் கையாண்டு, அங்கு நேர்ந்த மரணங்களை வெகுவாகக் குறைத்தார். இந்திய அரசு 2022 இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. அந்தப் பெருமையில் ஓர் அணுவையும் நான் குறைக்க எண்ணவில்லை. ஆனால் தேள் கொட்டியவருக்கு ஓரிரு நாட்கள் கொடுக்கும் மருந்தின் கணக்கு வேறு. பிறசர்காரிக்கு ஆண்டுக்கணக்காகக் கொடுக்கும் மருந்தின் கணக்கு வேறு. உயிர் காக்கும் அதே வல்லமைதான் சலவழியையும் தளர்த்துகின்றது. வல்லமையுள்ள மருந்து என்று ஒப்புக்கொண்டவர், அவ்வல்லமை விரும்பிய இடத்தில் மாத்திரம் செல்லும் என்று வாதிடலாகாது.

எல்லா வாதமும் ஓய்ந்தபின் எஞ்சுவது, நம் பெண்கள் இவற்றை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பது. உடுவிலில் நின்றுகொண்டு இதைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை 1824 இல் நிறுவிய ஊர் இது. கூப்பிடு தூரத்திலுள்ள மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, பிரசவ வைத்தியம் முதலிய நூல்களையும் தமிழிற் றந்தார். உடலின் எவ்வுறுப்பைப் பற்றியும் நம் மொழியிற் கண்ணியமாகப் பேசலாமென்பதை அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே எழுந்த மக்லியொட் வைத்தியசாலை 1898 முதல் இணுவிலில் நிற்கின்றது. இருநூறாண்டு கற்ற சமுதாயத்துப் பெண் பேசவில்லையென்றால், அவளிடம் எவரும் கேட்கவில்லை என்பதே பொருள். ஆண் மருத்துவர், பக்கத்தில் தாதி, பின்னால் வரிசையில் அயலவர், கையில் ஆங்கிலத்தில் மருந்தின் பெயரெழுதிய கொப்பி என்றிருக்கும் இடத்தில், கேட்கப்படாத ஒன்றை அவள் எவ்வாறு தொடங்குவாள்?

ஆகவே, பிறசர் கிளினிக்குகளில் அமரும் மருத்துவர்களை நான் வேண்டுவது ஒன்றே. அல்பா ஏற்பிகளை அடைக்கும் குளிசையை ஒரு பெண்ணுக்கு எழுதுமுன்னும், எழுதியபின் அவள் மறுமுறை வரும்போதும், சலம் அடக்க முடிகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களை வரவழைத்துப் பிறசர் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்குகளிலும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இக்கேள்வியைத் தம் வழக்கமான கேள்விகளோடு சேர்த்துக்கொள்ளலாம். உங்களில் யாருக்கேனும் இத்துன்பம் இருந்தால், தாய்மாரே, சகோதரிகளே, குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவையும் குறைக்காதீர்கள். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய், இதில் பிரசோசின், டொக்சசோசின், டெரசோசின் என்பவற்றுள் எதுவும் உண்டா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்; சலம் கசிவது எப்போது தொடங்கியது, அக்குளிசை எப்போது தொடங்கியது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தனியே சொல்ல நாணமாயிருந்தால் மகளையோ மருமகளையோ கூட்டிச் செல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.